காலித்துறைக் கலங்கரை விளக்கம்

கலம் என்பது மரக்கலம்; கரைதல் என்பது அழைத்தல். கடலிற் செல்லும் கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு யாதோ, அதனையே கலங்கரை விளக்கம் எனத் தமிழ் முன்னோர் வழங்கினர். சங்க நூல்களுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை அத்தகைய விளக்கொன்றைப் பாடுகிறது. ஏணி சார்த்தி ஏறினாலும் ஏறுதற்கரிய உயர்ந்த மாடத்தின் உச்சியிலே, இரவில் தீ ஏற்றிக் கலங்களுக்குத் துறையைக் காட்டினர் என்பது அங்கே கிடைக்கும் செய்தி. ஆயின், அழைப்பது மாத்திரமா விளக்கின் தொழில்? 'இப்பக்கம் வாராதே, பாறை உண்டு' என்று விலக்குவதும் அதன் தொழிலே. அழைப்பதற்கென ஏற்றப்பட்டு, அழைக்கப்பட்ட கலங்கள் வேறு துறைக்குச் சென்றுவிட்ட பின்னரும் அணையாது நிற்கும் விளக்கொன்று இலங்கையின் தென்கரையில் உளது. காலிக் கோட்டையின் தென்கிழக்கு மூலையில், உத்ரெக்ட் எனப் பெயர் பெற்ற கொத்தளத்தின் மேல், தென்னை மரங்களுக்கு நடுவே வெண்ணிறத் தூணாக எழுந்து நிற்கும் விளக்கே அது.

காலித்துறை பழைய துறை. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா, 'காலி' என்னும் சிற்றூரிலே இப்ராகீம் என்ற முஸ்லிம் கப்பற்றலைவர் தம்மை வரவேற்று விருந்தளித்தார் என எழுதி வைத்தார். அவர் காலியை அடையுமுன் தங்கிய ஊர் தீனவர். இன்று தேவேந்திரமுனை எனப்படும் அவ்வூரின் பெருங்கோயிலிலே பொன்னாற் செய்த திருவுருவம் ஒன்று இருந்ததென்றும், அதன் கண்களாகப் பதித்த இரு பெரிய மாணிக்கங்கள் இரவில் விளக்குப் போல ஒளிர்வதாகத் தமக்குச் சொல்லப்பட்டதென்றும் அவர் குறிக்கிறார். கேட்டதைக் கேட்டபடி எழுதினாரே யன்றித் தாம் இரவிலிருந்து பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

அதே கோயிலின் பெயர் காலியிற் கிடைத்த கல்லொன்றிலும் காணப்படுகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லிற் பொறிக்கப்பட்ட காலம் 1409. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது எழுதப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து நிற்கிறது. பொன், வெள்ளி, பட்டு முதலிய காணிக்கைகள் மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒத்தே கூறப்படுகின்றன. இந்தத் துறைமுகப் பக்கத்தில் எவ்வெம்மொழி அறிந்தோர் வாணிகம் செய்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பெருமைக்குரிய இக்கல் பிற்காலத்தில் அடைந்த நிலையோ இரங்கத்தக்கது. 1911ஆம் ஆண்டில் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தபோது, அது காலி நகரிலே வாய்க்கால் ஒன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. எழுத்துள்ள முகம் கீழ்நோக்கி இருந்தமையால் அழியாது தப்பியது போலும். இன்று அது கொழும்பு நூதனசாலையில் உளது.

துறை பழையதாயினும் எளியதன்று. மேற்கே கோட்டையைத் தாங்கும் பாறை முனை. கிழக்கே உறுமஸ்ஸல என்னும் குன்று. இவற்றுக்கு இடையே தெற்கு நோக்கித் திறந்து கிடக்கும் குடாவே துறைமுகம். அநுமான் சுமந்து வந்த மருந்து மலையிலிருந்து விழுந்த துண்டே அக்குன்று என்பது அவ்வூரார் வழங்கும் கதை. குடாவின் வாயிலிலும் உள்ளும் நீர்மட்டத்தின் கீழே மறைபாறைகள் பல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை நேரே உட்புகும்.

1640ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் கப்பல்களையே இத்துறையில் இழந்தனர். 'அவொன்ட்ஸ்டர்' என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள் நங்கூரம் பிடிக்காமல் நழுவிக் கரையருகே தரைதட்டி அழிந்தது. மாலை நட்சத்திரம் என்பது அப்பெயரின் பொருள். அது முன்னர் ஆங்கிலேயருடைய கப்பலாக இருந்து ஒல்லாந்தரிடம் சிக்கியது. 1661ஆம் ஆண்டில் 'ஹேர்குளிஸ்' என்னும் கப்பலும் அதே குடாவில் உடைந்தது. கோட்டையின் தென்முனையிலுள்ள கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து கொடியசைத்தும், துப்பாக்கி வெடி தீர்த்தும் வரும் கப்பல்களைப் பாறைகளினின்று விலக்கி வந்தனர். பகலிலே கொடி உதவும். இரவிலே கொடி என் செய்யும்? இருட்டியபின் வந்த கலம் விடியும்வரை வெளியே ஆழ்கடலில் நிற்பதே அறிவுடைமை.

1796ஆம் ஆண்டில் காலி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அப்போதும் உடனே விளக்கு எழவில்லை. விளக்கை எழுப்பியது நீராவி. காற்றை நம்பிச் சென்ற பாய்க்கப்பலுக்கு இன்ன நாளில், இன்ன வேளையில் வருவேன் என்னும் நியமம் இல்லை. நீராவிக் கப்பலுக்கோ நாட்குறிப்பு உண்டு. தபாற் பைகளைச் சுமந்து வருவதனால் இரவென்றும் பகலென்றும் பாராது துறையடைதல் வேண்டும். அதற்கு எரிபொருளாகிய நிலக்கரியும் இடைவழியில் வேண்டும். 1840களின் தொடக்கத்தில் பெனின்சுலர் அன்ட் ஓரியன்டல் கம்பனியார் சூயெசுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே நீராவிக் கப்பல்களை ஓட்டத் தொடங்கியபோது, காலி அவ்வழியில் நிலக்கரித் துறையாயிற்று. 1845 முதல் சீனத்துக்குச் செல்லும் கப்பல்களும், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பல்களும் இங்கே கிளைபிரிந்தன. மேற்கிலிருந்து வந்தோர் இங்கே இறங்கிக் கப்பல் மாறிக் கிழக்கே சென்றனர்.

இந்நிலையிலேதான் 1848ஆம் ஆண்டில் காலிக் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. இங்கிலாந்தில் வார்த்த இரும்புத் தகடுகளைக் கப்பலிற் கொண்டுவந்து இங்கே ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிய அக்கோபுரம் 80 அடி, அதாவது ஏறக்குறைய 24½ மீற்றர் உயரமானது. விளக்கின் ஆற்றல் சுடரில் மாத்திரம் இல்லை. சுடரைச் சூழ்ந்த கண்ணாடியிலும் உளது. பிரான்சிய அறிஞர் பிரெனெல் 1820களில் வகுத்த முறைப்படி, பட்டை தீட்டிய கண்ணாடி வளையங்களைச் சுடரைச் சுற்றி அடுக்குவர். நாற்புறமும் சிதறி வானத்துக்கும் நிலத்துக்கும் வீணே போகும் ஒளியை அவை மடக்கிக் கடல்மட்டத்தின் வழியே நேராக அனுப்பும். அகல் விளக்கைக் காற்றினின்று காக்க முற்றத்திற் கையைக் குவித்து மறைப்பவள், ஒளி ஒருபக்கமாகக் கூடுவதைக் கண்டிருப்பாள். அதனையே கணிதமாக ஆக்கியது அந்தக் கண்ணாடி.

அடுத்து வந்த முப்பது ஆண்டுகள் காலியின் பொற்காலம் எனலாம். அக்காலத்தில் ஐரோப்பியச் செய்தி இலங்கைக்கு முதலில் வந்து இறங்கும் இடம் காலியே. 72 மைல் தொலைவிலுள்ள கொழும்புக்கு அச்செய்தியைக் குதிரை வண்டியிலும் விரைந்து அனுப்புதல் எங்ஙனம்? 'கொழும்பு ஒப்சேவர்' என்னும் ஆங்கிலப் பத்திரிகை 1850ஆம் ஆண்டு தொடக்கம் புறாக்களைப் பழக்கி வைத்தது. கப்பலிலிருந்து பெற்ற செய்தியை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலிற் கட்டிப் பறக்கவிட்டனர். கிரிமியா யுத்தத்தின் செய்திகள் கொழும்பு வாசகரை அடைந்தது இப்புறாக்களின் காலிலேதான். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலை போயிற்று.

கப்பல் வந்த நாட்களிற் கோட்டை வீதிகள் எங்ஙனம் இருந்தன என்பதனை அக்காலப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். இரத்தினக்கல் வியாபாரிகளும், ஆமையோட்டுச் சீப்பு விற்போரும், பின்னல் இழைச் சரிகை விற்கும் பெண்களும் பயணிகளைச் சூழ்ந்துகொள்வர். ஒரு கல்லுக்கு முதலிற் கேட்ட விலைக்கும் கப்பல் ஊதியபின் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாட்டை வியந்து எழுதாதவர் அரியர். கோட்டைக்குள் வாழ்ந்த முஸ்லிம் வணிகர் பலரின் வீட்டு மொழி தமிழே. ஆகவே, மூன்று மொழிக் கல் சொன்ன செய்தி நானூறு ஆண்டுக்கு மேற் கழிந்தும் அவ்வீதிகளிற் காதால் கேட்கக்கூடியதாக இருந்தது.

ஆனால், விளக்கு துறையைக் காட்டுமே யன்றித் துறையைத் திருத்தமாட்டாது. 1871ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள் அவ்வுண்மையை யாவரும் உணர நேர்ந்தது. ஆஸ்திரேலியா செல்லவிருந்த 'இரங்கூன்' என்னும் தபாற் கப்பல் காலித்துறை வாயிலிலேயே மறைபாறை ஒன்றில் மோதியது. கலங்கரை விளக்கம் அருகே நின்றது. பாறை இருக்குமிடம் எவருக்கும் தெரியாததன்று. என்றும் கப்பல் தப்பவில்லை. பயணிகள் காப்பாற்றப்பட்டனர்; கப்பல் ஆழத்தில் மூழ்கியது. கடலடிக்குச் சென்று பார்ப்போர் அதன் உடலை இன்றும் அங்கே காண்கின்றனர்.

அந்நாட்களில், நாட்டின் பெருந்துறைமுகம் காலியிலா கொழும்பிலா அமையவேண்டும் என்னும் வாதம் நெடுங்காலமாக நடந்துகொண்டிருந்தது. காலிக்கு இயற்கைக் குடா உண்டு. ஆனால் பாறையும் உண்டு. கொழும்போ அந்நாளில் திறந்த கடற்கரையினும் சிறிதே மேலானது. ஆனால் மலைநாட்டுக் கோப்பி வந்து இறங்கும் இடம் அதுவே. 1867இல் கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் வாதத்தின் முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. பாறையை மாத்திரம் குறைகூறுவது சரித்திரமாகாது. தண்டவாளம் எத்துறையில் வந்து முடிகிறதோ அத்துறைக்கே கப்பலும் வரும். 1875ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 8ஆம் நாள், பின்னர் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர், கொழும்பிலே அலைகளைத் தடுக்கும் நீண்ட கல்லணைக்கு அடிக்கல் நாட்டினார். அணை முற்றுப்பெறும்வரை கப்பற் கம்பனி காத்திருக்கவில்லை. 1882இல் தன் கப்பல்களைக் கொழும்புக்கு மாற்றிக்கொண்டது. காலிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1894இல். அது ஏற்றிச் செல்லவேண்டிய பயணிகளுள் பலர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கொழும்பில் இறங்கத் தொடங்கிவிட்டனர்.

ஆக, இவ்விளக்கு எந்தக் கப்பல்களை அழைக்க ஏற்றப்பட்டதோ, அக்கப்பல்கள் முப்பத்துநான்கே ஆண்டுகளிற் போய்விட்டன. விடுதிகள் வெறிச்சோடின, நிலக்கரிக் கொட்டில்கள் ஒடுங்கின. விளக்கை மாத்திரம் அணைக்க இயலவில்லை. ஏனெனில் கொழும்பிலிருந்து கிழக்கே செல்லும் கப்பலும், கிழக்கிலிருந்து கொழும்புக்கு வரும் கப்பலும் இத்தென்கரையைச் சுற்றியே செல்லவேண்டும். காலிக்கு வாராத கப்பலுக்கும் காலி எங்கே இருக்கிறது என்பது தெரிதல் வேண்டும். அதுவரை 'வா' என்றழைத்த விளக்கு, அன்று முதல் 'இது காலி. விலகிப் போ' என்று வழிகாட்டலாயிற்று. தென்னவரை நாயனார் கோயில் இருந்த தேவேந்திரமுனையிலும் 1890ஆம் ஆண்டில் நாட்டின் மிக உயரமான கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. பத்தூத்தா கேள்வியுற்ற மாணிக்க விளக்குகளைக் கொண்ட கோயிலைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிற் கொள்ளையிட்டு அழித்து முந்நூறு ஆண்டு கழிந்து, அம்முனையில் மெய்யாகவே இரவில் ஒளி எழுந்தது.

கொழும்பு விளக்கின் கதையோ இதற்கு நேர்மாறானது. அங்கே கோட்டைப் பகுதியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியில் 1867இல் விளக்கு வைத்தனர். துறைமுகம் செழித்தது, செல்வம் பெருகியது, செல்வத்தால் எழுந்த மாடங்கள் அவ்விளக்கையே மறைத்தன. 1952இல் அதனை அணைத்துவிட்டுக் கடலோரத்திற் புதிய கோபுரம் கட்டினர். தாழ்ந்த ஓட்டுக் கூரைகளையுடைய காலிக் கோட்டையில் விளக்குக்கு அத்தகைய இடையூறு ஒருபோதும் நேரவில்லை. வறுமை செய்த நன்மை அது.

இரும்புக் கோபுரம் 1930களின் நடுப்பகுதியிலே தீக்கிரையாயிற்று. கப்பல் மிகுந்து வாராத துறைக்கு இனி விளக்கு எதற்கு என்று எவரேனும் கேட்டிருத்தல் கூடும். கேட்டிருப்பின், விடை செயலிலே கிடைத்தது. பழைய இடத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் தள்ளி, 1939ஆம் ஆண்டில் 26½ மீற்றர் உயரமான சீமெந்துக் கோபுரம் எழுந்தது. முன்னையதினும் இது சில அடி உயரமானது. இன்று காண்பது இதுவே. இலங்கையில் இன்றும் ஒளிதரும் கலங்கரை நிலையங்களுள் காலி நிலையமே மிகப் பழையது.

2004ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை காலியைத் தாக்கியது. கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையத்தையும் சந்தையையும் கடல் வாரிக்கொண்டது. அங்கே மாண்டவர் பலர். ஒல்லாந்தர் எழுப்பிய மதில்கள் கோட்டைக்குள் இருந்த ஊரைப் பெரும்பாலும் காத்தன. மதிலின் மேல் நின்ற விளக்கும் வீழவில்லை. ஆனால், துறையருகே இருந்த கடலடித் தொல்பொருள் ஆய்வு நிலையம் அழிந்தது. 1659இல் மூழ்கிய அவொன்ட்ஸ்டரிலிருந்து பல ஆண்டு உழைத்து மேலே கொண்டுவந்த பொருள்களிற் பலவற்றைக் கடல் மீண்டும் எடுத்துக்கொண்டது.

இன்று இவ்விளக்கைக் காண விரும்புவோர் கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் வருதலே நன்று. வலப்புறத்து யன்னலோரம் இருக்கை கிடைத்தால் வழியெல்லாம் கடலைக் காணலாம். காலி நிலையத்திலிருந்து கோட்டை மதில் நடைதூரத்தில் உளது. கிரிக்கெட் மைதானத்தைக் கடந்து, 1873இல் ஆங்கிலேயர் திறந்த பெரிய வாயிலால் நுழைவோரே பலர். ஆயினும் துறைமுகப் பக்கத்திலுள்ள பழைய வாயிலைத் தேடிச் செல்லுதல் தகும். அதன் வெளிமுகத்தில் ஆங்கில அரசின் இலச்சினை இருக்கிறது. உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால், ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும் 1669 என்னும் ஆண்டும், அவற்றின் மேலே சேவல் ஒன்றும் தோன்றும். வெளியே ஓர் அரசு, உள்ளே ஓர் அரசு, ஒரே கதவு.

அங்கிருந்து நீதிமன்றச் சதுக்கத்தின் மரநிழலைக் கடந்து, ஆசுபத்திரி வீதி வழியே கிழக்கு மதிலையொட்டித் தெற்கே நடந்தால் விளக்கு தானே எதிர்ப்படும். கோபுரத்தின் உள்ளே ஏறிப் பார்க்கப் பொதுமக்களுக்கு வழக்கமாக அனுமதி இல்லை. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு அமைதல் வேண்டும். அதன் அருகே, 1782ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் வெடிமருந்துக் கிடங்கு தடித்த சுவர்களோடு நிற்கிறது. வீதிக்கு அப்பால் மீரான் பள்ளிவாசல் வெண்ணிறமாக விளங்குகிறது. முகப்பை மாத்திரம் பார்ப்போர் அதனைப் போர்த்துக்கேயர் தேவாலயம் என்றே கருதுவர். தொழுகைக்கான அழைப்பு எழும்போது அந்த ஐயம் நீங்கும். மதிலின் கீழே சிறிய மணற்கரையில் பிள்ளைகள் நீராடுவர். மேற்கே சிறிது நடந்தால் கொடிப்பாறை. அங்கே இளைஞர் சிலர் உயரத்திலிருந்து பாறைகளுக்கிடையே கடலிற் குதித்துக் காட்டிப் பணம் பெறுவர். அதனைப் பார்ப்பது அச்சத்தைத் தரும். கொடுப்போர் இருக்கும்வரை குதிப்போரும் இருப்பர்.

நண்பகல் வெயிலில் மதிலின்மேல் நடத்தல் கடினம். மாலை நான்கு மணிக்கு மேற் செல்லுதல் நலம். அப்போது கோட்டை மக்கள் குடும்பத்தோடு மதிலுக்கு வந்து காற்று வாங்குவர். குடாவுக்கு அப்பால், உறுமஸ்ஸலக் குன்றின் மேல் 2005இல் எழுந்த வெண்ணிறத் தூபி தெரியும். துறைமுகத்தில் சீமெந்து ஏற்றிய கப்பல் ஒன்றோ, உலகைச் சுற்றிவரும் பாய்ப்படகு ஒன்றோ சிலவேளை தங்கியிருக்கும். பெருங்கப்பல்கள் தெற்கே அடிவானத்தின் ஓரமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கும் மேற்குமாகச் சென்றுகொண்டிருக்கும். அவற்றுள் எதுவும் இப்பக்கம் திரும்புவதில்லை. இருள் படரும் வேளையில் மீன்பிடிப் படகுகள் குடாவிலிருந்து புறப்படும். அவற்றின் சிறிய விளக்குகள் ஒவ்வொன்றாகப் பாறைகளைத் தாண்டி வெளியேறும்போது, மேலே கலங்கரை விளக்கம் மின்னத் தொடங்கும்.